கோப்புக் காட்சி

வட்டக்கானலில் டவர் கிடைப்பது
ஒரே ஒரு பாறைமேல்தான்.
டால்பின் நோஸுக்கு இறங்கும் வழியில்,
வேர்களே படியான இடத்துக்குச் சற்று மேலே.
அன்று காலை அதன்மேல் பதினோரு பேர்.
எல்லார் முகத்திலும் கீழிருந்து வெளிச்சம்.
இத்தனை நெருங்கி, இத்தனை பேசாமல்
மனிதர்கள் நின்று நான் பார்த்ததில்லை.

என் கடைப் பலகையில் ஆம்லெட் இரண்டு திசையில் இருக்கும்.
இடமிருந்து வலம், நான் எழுதியது.
வலமிருந்து இடம், போன வருஷம் தங்கியவன் எழுதியது.
அதில் ஆம்லெட் என்றுதான் இருக்கிறதா
இன்றுவரை தெரியாது. ஒரு நம்பிக்கைதான்.

மாலையில் தமார் வந்தாள்.
மூன்றாம் நம்பர் அறை, இருபத்து மூன்று வயது.
பூண்டு காயப் போட்டால் தானாக வந்து கிளறிவிடுவாள்.
போனில் சார்ஜ் இல்லை. பாறையில் மேகம்.
"பிலோ அக்கா, உங்கள் டிவி என்ன சொல்கிறது?"

டிவியில் எட்டு சன்னல், எட்டிலும் ஒரு வாய்.
நெறியாளர் கையில் பேனா,
எழுத அல்ல, குத்த.
அடியில் சிவப்புப் பட்டையில்
அவள் ஊர்ப்பெயர் எங்கள் எழுத்தில் ஓடியது.
இதுதான் உன் ஊர் என்று காட்டினேன்.
தொடப் போனாள். அதற்குள் நகர்ந்துவிட்டது.
பின்னாலேயே வந்தது
பவுனுக்கு எழுநூற்று இருபது உயர்வு.

நாற்பது நிமிஷம் காத்திருந்தேன்,
மொழிபெயர்க்க ஒரு வாக்கியத்துக்காக.
மூன்றாம் உலகப் போரா என்றார் ஒருவர்.
ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் இல்லை.
இன்னொருவர் வரைபடத்தில் அம்பு விட்டார்.
அம்பு கடல் தாண்டும்போது விசில் சத்தம் சேர்த்திருந்தார்கள்.
அடுத்து குக்கர் விளம்பரம். அதிலும் விசில்.
"என்ன சொல்கிறார்கள்?"
"சண்டை என்கிறார்கள்."
"யார் செத்தது?"
"இடைவேளைக்குப் பிறகு சொல்வார்களாம்."
என் இங்கிலீஷ் வாடகைக்கும் வெந்நீருக்கும் போதும்.
அன்று குறை அதில் இல்லை.

பிறகு ஒரு கட்டடம் விழுந்தது.
மெதுவாக, இசையோடு.
மறுபடியும், இன்னும் கிட்டத்தில்.
தரைமட்டம் என்று போட்டு
அவள் ஊர்ப்பெயரைத் திரை முழுக்க எழுதினார்கள்.
இப்போது அந்த எழுத்து அவளுக்கே தெரிந்தது.
காட்டிக் கொடுத்தது நான்தானே.

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.
மூச்சு பட்டு அந்த இடம் மங்கியது.
"இது எங்கள் ஊர் இல்லை."
மாதாவே, நல்லதாப் போச்சு என்று கையைப் பிடித்தேன்.
கை பிடிக்குள் வரவில்லை.
"அந்த நீலத் தண்ணீர்த்தொட்டி.
என் அண்ணன் அதன் முன்னால் நின்று
படம் அனுப்பியிருந்தான். யூனிஃபார்மில்.
அப்போது கட்டடம் இருந்தது.
இது அந்தப் பக்கம்."

உங்கள் ஊர் டிவியில் இதைக் காட்டினார்களா என்றேன்.
மேஜைமேல் கிடந்த பூண்டுத் தோலை
ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொறுக்கினாள்.
"அண்ணனைக் காட்டினார்கள்" என்றாள்.
கரண்ட் போனது.
எட்டு வாயும் பாதியில்.

விடியுமுன் ஜீப்பில் போய்விட்டாள்.
வத்தலக்குண்டு, மதுரை, அப்புறம் விமானம் இருந்தால்.
பத்து மணிக்கு நிருபர் சூசைமாணிக்கம் கேமராவோடு வந்தார்.
"வட்டக்கானலில் பதற்றம்னு ஒரு வரி சொல்லுங்கக்கா."
தொட்டியைப் பற்றிச் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷன்,
மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவர்.
"அது டெஸ்க்ல நிக்காதுக்கா."
ராத்திரி பதினோரு நொடி வந்தேன்.
வாய் அசைகிறது, மேலே இசை.
கீழே என் பெயர், பூலோகம்மாள்.

அந்தக் கட்டடம் இன்னும் விழுகிறது.
போன வாரம் வேறொரு தேசத்தின் பெயரில் விழுந்தது.
ஓரத்தில் கடுகளவு எழுத்தில்
கோப்புக் காட்சி என்று எப்போதாவது போடுகிறார்கள்.
அது விழும்போது மட்டும் எழுந்து வெளியே போய்
எங்கள் தொட்டி மூடியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.
குரங்கு திறந்துவிடும், அதான் என்கிறேன் வீட்டுக்காரரிடம்.