கயிற்றின் நிறையைப் புறக்கணிக்கவும்

நாளை மறுநாள் இயற்பியல்.
சியாத்துராவில் மின்சாரம் போனால்
முதலில் நிற்பது ரோப் கார்,
அடுத்து மேட்டுக் குடியிருப்பின் குழாய்த் தண்ணீர்.
இன்று நட்டநடுவில் நின்றது.
கீழே குவிரிலா ஆறு
மாங்கனீசு கழுவிய கறுப்பில்.

வெளியூர்க்காரர்கள் இதைப் படம் பிடிக்க வருவார்கள்,
சவப்பெட்டி போலிருக்கிறது என்பார்கள்.
எங்களுக்கு இது பேருந்து.

உள்ளே நாலு பேர்,
உருளைக்கிழங்கு மூட்டையையும் ஆளாகச் சேர்த்தால்.
மூட்டைக்காரர் அவ்தாந்தில், இரவு ஷிப்ட் முடித்தவர்,
நின்றபடியே தூங்குகிறார்.
இசோல்டா பெட்டியின் பொறுப்பாளர்.
கறுப்புத் தொலைபேசியில் நிலையத்தை அழைத்து
வைகிறாள், வைக்கிறாள்,
மறுபடி எடுத்து வைகிறாள்.
நான் புத்தகத்தைப் பிரித்தேன்.
வேறு என்ன செய்ய?
மார்ச்சில் எங்கள் இயற்பியல் ஆசிரியை
கிரேக்கத்துக்குப் போய்விட்டார்,
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிற வேலைக்கு.
மின்னோட்டம் என்ற பாடத்தின் பாதியில்
சாக்கட்டி அப்படியே கிடக்கிறது.

நாற்பத்தேழாம் கணக்கு.
இரு முனைகளுக்கிடையே கட்டிய கயிற்றின் நடுவில்
ஒரு பொருள் தொங்குகிறது.
இழுவிசையைக் காண்க.
வாய்விட்டுத்தான் படித்தேன்:
கயிற்றின் நிறையைப் புறக்கணிக்கவும்.

"யார் சொன்னது?" என்றாள் இசோல்டா.
புத்தகம், என்றேன்.
"இருபத்திரண்டு வருஷமாக அதற்கு கிரீஸ் பூசுகிறேன்.
புருஷனைப் புறக்கணித்திருக்கிறேன்,
பல்வலியைப் புறக்கணித்திருக்கிறேன்.
கயிற்றையா?"
மறுபடி தொலைபேசியை எடுத்தாள்.
இந்த முறை வையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொழுது போகட்டும் என்று
பொருளின் இடத்தில் எங்களை வைத்தேன்.
பெட்டி ஒரு டன், சுவரிலேயே எழுதியிருந்தது.
நான் ஐம்பத்திரண்டு கிலோ.
அவ்தாந்தில் எழுபது, மூட்டை நாற்பது.
இசோல்டாவைக் கேட்டேன், சொல்லவில்லை.
எண்பது என்று போட்டதை எட்டிப் பார்த்து
"தாராளமாக இருக்கிறாய்" என்றாள்.
கோணத்துக்கு ஜன்னல் வழியே பென்சிலைப் பிடித்தேன்.
நாலு டிகிரி,
என் கை நடுங்காமல் இருந்திருந்தால்.

நேராகத் தொங்கினால் கயிறு சுமப்பது
எங்கள் எடையை மட்டும்.
இப்படிக் கொஞ்சமாகத் தொய்ந்து தொங்கினால்
ஏழு மடங்கு.
எண்பத்தேழாயிரம் நியூட்டன்.
கயிறு எவ்வளவு விறைப்போ
அவ்வளவு வலி அதற்கு.
இரண்டு முறை சரிபார்த்தேன்.
சைன் அட்டவணையில் தப்பு இருக்கக்கூடாதா
என்று முதல்முறையாக ஆசைப்பட்டேன்.

அவ்தாந்தில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"என்ன வந்தது, தெக்லே?"
தாங்கும், என்றேன்.
அது விடை இல்லை. அலகும் இல்லை.
அவர் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டுத்
தூக்கத்தைத் தொடர்ந்தார்.

காற்று வந்தது. மூட்டை சாய்ந்து
ஒரு கிழங்கு உருண்டு
கதவின் இடுக்குவரை போய் நின்றது.
மூவரும் பார்த்தோம்.
யாரும் குனியவில்லை.

ஐம்பது நிமிடம் கழித்து
ஒரு குலுக்கலுடன் நகர்ந்தோம்.
இறங்கும்போது கதவுக் கம்பியைப் பிடித்தேன்,
சட்டைக் கை முழுக்க கிரீஸ்.
இசோல்டா பார்த்தாள், மன்னிப்புக் கேட்கவில்லை.
அடுத்த பயணத்துக்கு
மூன்று பேர் காத்திருந்தார்கள்.

தேர்வில் கயிறு வரவில்லை.
பனிக்கட்டி உருகியது,
லென்ஸுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி நின்றது,
மின்னோட்டக் கேள்வியை
ஆசிரியை விட்ட இடத்திலேயே நானும் விட்டேன்.
கடைசியில், திரையின் அடியில், ஒரு கப்பி.
நிறையற்றது, உராய்வற்றது,
யாரும் தொட்டிராதது.

சட்டையைத் துவைத்திருந்தேன்.
மடித்துவிட்ட கையின் உட்புறம்
மவுஸின் மேல் உரசி
ஒரு கறுப்புக் கோடு.
கட்டைவிரலால் துடைத்தேன்.
பரவியது.