ஏளு

பயிற்சியின் மூன்றாவது வாரம்.
ஈசூன், பதினொன்றாம் மாடி.
பாதி மடக்கினால்தான் லிஃப்டுக்குள் நிற்கிறது ஸ்ட்ரெச்சர்.
மீன் வாங்கி வந்த சீனப் பெண்மணி
பையை நெஞ்சோடு அணைத்துச் சுவரானார்.

திரு அரங்கசாமி, அறுபத்தெட்டு வயது.
சமையலறைத் தரையில், குளிர்பெட்டியில் சாய்ந்தபடி.
சிரிங்க ஆங்கிள் என்றேன்.
பாதி முகம் சிரித்தது.
மீதிக்குக் காது கேட்கவில்லை போல.
கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டினார்;
பத்து எண்ண வேண்டும்.
நான்கிலேயே இறங்கத் தொடங்கியது வலது,
எதற்காக நீட்டினோம் என்பதை மறந்த கை.

பேச்சைச் சோதிக்க வகுப்பில் தந்தது
ஓர் ஆங்கில வாக்கியம்.
அந்தச் சமையலறையில் அது எனக்கே வாயில் வரவில்லை.
"மழை வருது, குடை எங்க? சொல்லுங்க."
"மளை…"
குழறல் என்று எழுதப் போன பேனாவை
அவர் மனைவி நிறுத்தினார்:
"அது எப்பவுமே அப்படித்தாம்மா.
எம் பேரு பவழம்.
நாப்பது வருஷமா பவளம்னுதான் கூப்பிடுறாரு."

ஆனால் குடை, உடை என்று வந்தது.
குடையில் ழ இல்லை.

ஹஃபிஸா விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தாள்.
ஏழு புள்ளி நான்கு. அது காரணமில்லை.
நான் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்:
இரண்டு தட்டு, ஒரு யோசனை,
பிறகு அவசரமாக மூன்று.
நெஞ்சில் ஒட்டிய வில்லைகள் வழியே வந்த தாளிலும்
மேட்டுக்கு மேடு ஒரே தூரமில்லை.
இதயம் தாளம் தப்பினால்
கட்டியொன்று மூளைக்கு ஏறலாம்.
பரீட்சையில் இதற்கு இரண்டு மதிப்பெண்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாரு ஆண்ட்டி?"
"இப்பத்தாம்மா."
"இப்பன்னா?"
"சாமிக்கு விளக்கு ஏத்தினப்ப இருமினாரு."
இருமலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
மருந்துக்கு மணிக்கணக்கு உண்டு;
விளக்குக்கு இல்லை.

பிறகு அவருக்கே நினைவு வந்தது.
"நம்பர் சொல்லி அனுப்பினாரே, கூட்டாளிக்கு."
மேசையிலிருந்த போனைத் திறந்து நீட்டினார்.
அரங்கசாமியின் குரல், அரங்கசாமியின் தலைக்கு மேலே:

"டேய் முத்தையா, ஏளு சைபர் நாலு ஏளு.
பெருசு ரெண்டு வெள்ளி, சின்னது ஒண்ணு.
மறந்துடாதே, போன தடவை மாதிரி."

ஒரு சொல்லும் தடுக்கவில்லை.
அனுப்பிய நேரம் காலை 6.12.
தரையிலிருந்தவர் தன் குரலைக் கேட்டு
இடது உதட்டால் ஏதோ சொல்ல முயன்றார்.
எனக்குப் புரியவில்லை.
பவழத்துக்குப் புரிந்தது.
"வாங்கியிருப்பாருங்க, விடுங்க" என்றார்.

மருத்துவமனை வாசலில் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்,
6.12 என்பதை மட்டும் இரண்டு முறை.
கதவு மூடிக்கொண்டது.
பிறகு என்ன ஆனது என்று
எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

புதன் இரவு முடிவுகளைப் பார்த்தேன்.
ஆறுதல் பரிசு வரை இறங்கித் தேடினேன்.
வரவில்லை.
பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்து
ஏளு என்றேன்.
இரண்டு பக்கமும் ஏறுகிறதா என்று
இன்னொரு முறை.