ஐந்து கிராம்

பத்து முட்டைகளில் இது கடைசி.
மூக்கை மட்டும் நீட்டி
ஒஸ்த்ராவாவின் நவம்பரை முகர்ந்துவிட்டு
ஓட்டுக்குள் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் வந்தது, வயிற்றில் மஞ்சள்கரு ஒட்டியபடி.
வெண்ணெய் டப்பாவில் ஈரக் காகிதம் விரித்தேன்.
காபித்தூள் தராசு ஐந்து என்றது,
யோசித்து, நான்கு என்றது.

குளிர்பெட்டிக்குள் எலிக்குஞ்சு வந்தால்
அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றிருந்தாள் ஸ்தெங்கா.
பட்டாணிப் பைக்கு அடியில் ஒளித்தேன்.

பத்தாம் நாள் தோல் உரிந்தது,
கண்ணை மூடிய கண்ணாடிச் சில்லு உட்பட.
என் மூச்சுக்கே பறந்தது.
எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி நீட்டினேன்.
திரும்பிக்கொண்டது.
மூன்று முறை.

நான் டிராம் பணிமனையில் இருந்த இரவு
பனியில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் போனது.
வெப்பப் பாயை நினைத்துக்கொண்டே
பிரேக் கட்டைகளை மாற்றினேன்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தால்
இருட்டில் கோட்டோடு அவள்,
அசையாமல்.
"சத்தம் போடாதே."

கம்பளிக் கையுறைக்குள்
அவள் மணிக்கட்டில், நாடி துடிக்கும் இடத்தில்
ஒரு செம்மஞ்சள் முடிச்சு.
நாக்கு வெளியே வந்து, போனது.

"தோள் மரத்துப்போச்சு" என்றாள்.
பிறகு, என்னைப் பார்க்காமல்:
"பட்டாணிக்கு அடியில் வச்சிருக்கியே,
அதுவும் உருகிட்டிருக்கும்.
போய்ப் பார்."