தூக்கு

கோத்தகிரி பேக்கரியில்
வர்க்கியைத் தேநீரில் நனைத்தபடி
தீர்ப்பு சொல்கிறார்கள்.
"தூக்குதான். நம்ம வரிப்பணத்துலயா
அவனுக்குச் சோறு?"
பெள்ளி மாஸ்டர் மேசையைத் தட்டுகிறார்.

என்னைக் கேட்டவர் அரசு வக்கீல் மட்டும்,
ஊட்டி கோர்ட் வராந்தாவில், குரல் தாழ்த்தி:
தூக்கு கேட்காவிட்டால்
நிரோஷாவைப் புதைத்த இடத்தைக்
காட்டுகிறானாம்.

இரண்டு வருசமாய்
கவாத்து வெட்டிய காட்டில் எங்காவது
மண் கொஞ்சம் பொங்கியிருந்தால்
கூடையை இறக்கிவிடுவேன்.
கங்காணி திட்டுவார்.

சரி என்றேன்.
வீட்டுக்காரர் இன்னும் பேசுவதில்லை.
பேக்கரியில்,
"பெத்தவளே காசு வாங்கிட்டாளாம்."

கட்டபெட்டு வளைவில் ஜீப் நின்றது.
விலங்குக் கையை நீட்டினான்
ஒரு சில்வர் ஓக்கைப் பார்த்து.

அதன் வேரில்தான்
மத்தியானந்தோறும்
என் தூக்குச்சட்டியைச்
சாய்த்து வைப்பேன்.