பதினான்கு நாள் தவணை

வாங்குவதா, வீட்டிலேயே பூட்டுவதா என்று
அஸ்பியோர்ன் அட்டவணை போட்டிருக்கிறான்.
வரி அலுவலகத்துக்காரன்.
என்னைக் கேட்டு வந்தபோதும்
கட்டம் கட்டமாகத்தான் கேட்டான்.

இடப்பக்கம் பெட்டி.
அலுமினிய உடம்பு, விசிறி கிடையாது,
நெற்றியில் ஒற்றை வெள்ளை விளக்கு.
செருகினால் பாடும்.
முப்பத்தொன்பதாயிரம் குரோனர்.

வலப்பக்கம்,
அவன் மகன் ஓஸ்லோவுக்குக் குடிபோகையில்
விட்டுப்போன விளையாட்டுக் கணினி.
காலணி அலமாரிக்குக் கீழே
பக்கக் கதவில்லாமல் கிடக்கிறது;
திருகாணிகள் கானாங்கெளுத்தி டின்னில்.
செலவு: ஒரு வட்டு, ஒரு கேபிள்,
பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்.
ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன விலை போடுவதென்று
அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறான்.

கூட வேலை செய்யும் யார்முன் சொன்னாராம்:
ஒன்றும் பூஜ்யமும்
எந்தப் பெட்டியில் குடியிருந்தாலும்
ஒன்றும் பூஜ்யமும்தான்.
கடைக்காரப் பெண் தீரில் சொன்னாளாம்:
கேட்டுப் பாருங்கள், பதினான்கு நாள்,
பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்.
"பியானோ மூச்சிழுக்கிற இடத்தில்
நம் கணினி தானும் மூச்சுவிடுகிறது, தூருன்,
உனக்குக் கேட்கவில்லையா?"
கேட்கிறது என்றேன்.
கேட்பதால்தான் அங்கே உட்காருகிறேன் என்பதைச்
சொல்லவில்லை.

பெட்டி வந்தது.
ஓலெசுண்டில் அன்றைக்கு மழைகூட ஓய்ந்திருந்தது,
நேரம் பார்த்து.
திரைச்சீலையை இழுத்து விட்டான்.
கணினியை அணைத்தான்.
ஒரு செல்லோ வந்து நின்றது,
அறை நடுவே, நாற்காலி போட்டுக்கொண்டு.
வில் நரம்பைத் தொடும் முன்
வாசிப்பவர் சட்டைக்கை உரசியதுகூட இருந்தது.
பிறகு ஒரு நீண்ட இடைவெளி.
கண்ணை மூடி அஸ்பியோர்ன் சொன்னான்:
"பார், ஒன்றுமே இல்லை."

எனக்கு இருந்தது.

ஃபெர்ரியின் அடிவயிற்றில் எனக்கு வேலை,
பத்தொன்பது வருடம்,
இரண்டு டீசல் எஞ்சின்களுக்கு நடுவே.
காதுறை போடாத ஆரம்ப வருடங்கள்
இன்னும் தினமும் காதுக்குள் வேலைக்கு வருகின்றன:
கொதிக்கப் போகும் கெட்டிலின் கீச்சு,
கொதிக்கவே கொதிக்காத கெட்டில்.
செல்லோ நின்ற இடத்திலெல்லாம்
அது எழுந்து தன் பாட்டைப் பாடியது.
ஆமாம், ஒன்றுமில்லை என்றேன்.

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள்,
தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து
குளிர்பெட்டியின் முதுகில் சாய்ந்து நின்றேன்.
நல்ல குளிர்பெட்டி, பழசு, சத்தம் போடும்.
ஒன்பதாம் நாள் இரவு
கணினிக்கு உயிர் கொடுத்து
அதன் பக்கத்துத் தரையில், கம்பளிக் கோட்டை விரித்து,
காலணிகளோடு காலணியாய்த் தூங்கிப்போனேன்.

விளக்கைப் போட்டவன் கேட்டது ஒன்றே ஒன்று:
"என்ன ஓடுகிறது?"
"ஒன்றும் ஓடவில்லை. விசிறிதான்."
அவனும் தரையில் உட்கார்ந்தான்.
விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது சொல்லி முடித்தேன்.
எத்தனை வருடமாய் என்றான்.
எண்ணிச் சொன்னேன்.
எண் கிடைத்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.
ஆறவில்லை.

இரண்டையும் வைத்துக்கொள்வோம் என்று தொடங்கினான்:
பெட்டி பாடட்டும்,
கணினி சும்மா ஓடிக்கொண்டிருக்கட்டும்.
நாற்பதாயிரத்துக்குப் பாட்டு,
இலவசமாய்க் காற்று.
சிரித்தோம், அப்புறம் கணக்குப் பார்த்தோம்,
அப்புறம் சிரிக்கவில்லை.
நல்ல பெட்டிதான். பொய் சொல்லக் கூடாது.
அந்தச் சட்டைக்கை உரசல்
இனி எனக்குக் கேட்காது.
அவனுக்கும்தான்.

பதினான்காம் நாள் அதை நுரைக்குள் புதைத்து,
ஒட்டுநாடா சுற்றி,
கடையின் படிவத்தைச் சமையல் மேசையில் வைத்து
நிரப்பினான்.
திருப்பும் காரணம்:
வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு
"அளவுக்கு மீறிய அமைதி" என்று எழுதினான்,
வரி அலுவலகக் கையெழுத்தில்.

தபாலில் போட்டுவிட்டு வந்தவன்
கானாங்கெளுத்தி டின்னைத் திறந்து
திருகாணிகளைக் கொட்டி,
கணினியின் பக்கக் கதவை மாட்டக் குனிந்தான்.
சத்தம் கொஞ்சம் குறையுமாம்.

அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.