சத்தம் கேட்டால் கையைத் தூக்கவும்

தக்கலை மேட்டுக்கடையில்
மொபைல் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறேன்.
போர்டில் ஒரு காது, பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில்.
அதுதான் தப்பு.
ஏறும் முன் ஆண்கள் கீழே நின்று
போன் கவர் பார்ப்பார்கள்.
ஒருவர் இதுவரை மூன்று கவர் வாங்கிவிட்டாராம்,
கடைப் பையன் சொன்னான்.
மேலே வந்ததில்லை.

கண்ணாடிக் கடையில் இப்படி இல்லை.
மூக்கில் ஒன்று ஏறினால்
வாத்தியார் களை வந்துவிடும்.
காதில் ஏறினால்
ஊர் ஒரு பட்டம் வைத்திருக்கிறது.
எல்லோருக்கும் தெரியும், நான் எழுதவில்லை.

ஏசுவடியானை அவர் மனைவிதான் கூட்டிவந்தாள்,
ஒரு மழைநாளில்.
அழகியமண்டபம் பக்கம் தடிமில்லில் முப்பத்தொரு வருஷம்.
உட்காரும் முன்பே சொன்னார்:
"எனக்க காதுக்கு ஒண்ணுமில்ல.
அவளுக்க தொண்டைய ஒண்ணு பாருங்க."
புஷ்பலீலா சிரிக்கவில்லை.
பலமுறை கேட்டவள்.

"அயனித் தடிக்குள்ள ஆணி கெடந்தா
வாள் தொடுகதுக்கு முந்தியே எனக்குக் கேக்கும், தெரியுமா?"
தெரியும் என்றேன். நம்பவும் செய்தேன்.
முப்பத்தொரு வருஷம் ஒரே சத்தத்தோடு இருந்தால்
அது நமக்கு மட்டும் சில ரகசியம் சொல்லும்,
மற்றதையெல்லாம் தின்றுகொண்டே.

அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினேன்.
சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள்.
எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

தாழ்ந்த ஒலிகளுக்குச் சரியாகத் தூக்கினார்,
விடை தெரிந்த பையன்போல.
பிறகு என் விரலைப் பார்க்கத் தொடங்கினார்.
விரலை மறைத்தேன்.
கண்ணைப் பார்த்தார்.
கண்ணைத் தாழ்த்தினேன்.
நான் எதுவும் அனுப்பவில்லை.
கை உயர்ந்தது.
நான் எதுவும் அனுப்பவில்லை.
கை உயர்ந்தது, முன்னைவிட உறுதியாய்.
மூன்றாம் முறை பாதியில் நின்றது.
வாள் எடுத்துக்கொண்ட ஒரு விரல்நுனி போக
மிச்ச விரல்கள் எல்லாம்
எதற்காக எழுந்தோம் என்று மறந்தவைபோல.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் புஷ்பலீலா
குடைக்கம்பியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரைபடம் வேளிமலைச் சரிவாய் இறங்கியது.
சொன்னேன்:
உங்களுக்கு உயிர் வருகிறது, மெய் வரவில்லை.
க ச ட த ப ற, ஒவ்வொன்றாய்க் கழன்றுவிட்டது.
வல்லினம்தான் முதலில் போகும்.
மெல்லினம் நிற்கும் கடைசிவரை.
சாப்பிட வாங்க என்று அவர் கூப்பிட்டால்
'ஆ... இ... வாங்...' என்றுதான் வந்து சேரும்.
மிச்சத்தை நீங்களே கட்டிக்கொள்கிறீர்கள்,
பாதிநேரம் சண்டையாக.

"அப்ப அவ முணுமுணுக்கல்லியா?"
என்னிடம் அல்ல, காகிதத்திடம் கேட்டார்.
"இல்ல" என்றாள் புஷ்பலீலா.
அதில் வல்லினமே கிடையாது.
கேட்டிருக்கும்.

காகிதத்தை எட்டாய் மடித்து
"மகளுக்க கல்யாணம் கழியட்டு" என்றார்.
எந்த மாதம் என்றேன்.
"மாப்பிள பாக்கணும்."

நாற்பது நாள் கழித்து போன்.
பின்னால் வாள் ஓடுகிறது.
"ஆணி ஒண்ணு" என்றார். "கேக்கல்ல."
வாள்பல் தெறித்துக் கூரைத்தகட்டில் குத்தி நிற்கிறதாம்.
யாருக்கும் ஒன்றுமில்லையாம்.
"வெளிய தெரியாதது உண்டா?
அவகிட்ட சொல்லாண்டாம்."
உண்டு என்றேன். விலை சொன்னேன்.
"என்ன?"
மறுபடி சொன்னேன்.
"என்ன?"
வியாழக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள் என்றேன்.
"சரி சரி" என்றார்,
ஒன்றும் கேட்காதபோது ஆண்கள் சொல்லும் அந்தச் சரி.

இன்று வியாழன். பத்தேகால்.
ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறேன்.
கீழே, கவர் தொங்கும் கம்பிகளுக்கு முன்
நுனி குறைந்த ஒரு விரல்
ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டிருக்கிறது.
கூப்பிட வாயெடுத்தேன்.
மூடிக்கொண்டேன்.
படிக்கட்டு விளக்கைப் போட்டுவைக்கிறேன்.