புளிக்கிறதா

புளிக்கிறதா என்று கேட்கிறார்
மருத்துவர் ஹாவ்.
தோள்பட்டையில் ஊசி
அரை விரற்கடை இறங்கி நிற்கிறது.

எங்கள் பேச்சில்
சதை உளைவதற்கும் காடியின் சுவைக்கும்
ஒரே சொல்.
பத்தொன்பது வருடமாய்
சிங்ஷூவின் காடி ஆலையில்
சோள ஊறலைப் புரட்டுகிறவளிடம்
புளிக்கிறதா என்றால்
எதைச் சொல்வது?

புளிக்கிறது என்றேன்.
மரக்கிறதா?
சற்று.
கனக்கிறதா, உள்ளே உப்பி வருகிறதா?
வலிக்கு இத்தனை வாசல் உண்டென்று
ஆலை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.
அங்கே விடுப்புத் தாளில் இரண்டே கட்டங்கள்:
உண்டு. இல்லை.

நாளொன்றுக்கு முப்பத்தாறு தாழி.
வெளியே பனி பெய்யும்.
தாழிக்குள் முழங்கை வரை விட்டால்
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டாற்போலிருக்கும்.
அடியில் இருப்பது மேலே வரவேண்டும்,
மேலே இருப்பது அடிக்குப் போகவேண்டும்,
ஒரு நாள் தவறினாலும்
தாழி கெட்டுவிடும்.
தோளுக்கு அப்படி யாரும் கணக்கு வைக்கவில்லை.

"ஓடாமல் நின்றால் வலிக்கும்,
ஓடினால் வலிக்காது" என்கிறார் ஹாவ்.
சுவரிலும் அதையே எழுதி மாட்டியிருக்கிறார்,
கீழ்த்தளத்துக் கைபேசிக் கடைக்காரன் கொடுத்த
நாட்காட்டிக்குப் பக்கத்தில்.
எனக்கு அக்டோபர் மாதச் சம்பளம் நினைவுக்கு வந்தது.

மாசிப்பத்திரிச் சுருட்டைப் பற்றவைத்து
தோலுக்கு மேலே, தொடாமல், வட்டமிடுகிறார்.
பிறகு கண்ணாடிக் கிண்ணங்கள்.
உள்ளே ஒரு நொடி நெருப்பு,
அப்புறம் கவ்வி இழுக்கும் வாய்கள்.
பொதுக் குளியலறையில் குயிஃபாங்
என் முதுகை எண்ணுகிறாள்.
"ஏழுதானா? எனக்கு ஒன்பது"
என்று திரும்பிக் காட்டுகிறாள்
பீட்ரூட் வில்லைகளை.
அந்த ஆவியில்
அரைமணி நேரம் சிரித்தோம்.
அதையும் சிகிச்சையில் சேர்க்கலாம்.

குணமாயிற்றா என்று கேட்காதீர்கள்.
ஐந்தாம் முறைக்குப் பின்
இடது கையைத் தூக்கிச் சடை பின்னினேன்.
எட்டாம் முறைக்குப் பின்
முடியவில்லை.
நடுவில் புத்தாண்டு ஆர்டர்.

வரைபட மனிதன் ஒருவன்
அறை மூலையில் நிற்கிறான்,
உடம்பெல்லாம் புள்ளியும் பெயருமாய்.
அவனிடம் இல்லாத புள்ளி என்னிடம் இருக்கிறது.
ஹாவின் கட்டைவிரல்
கழுத்திலிருந்து தேடிக்கொண்டே இறங்கும்.
"ஆ, அதுதான்" என்று நான் அலறுமிடத்தில்
நின்றுவிடும்.
அந்த அலறல்தான் அதற்குப் பெயராம்,
பழைய ஏடுகளில் அப்படியே இருக்கிறதாம்.
வலிக்கிறவள் சொல்வதை
யாரோ ஒருவர் ஒரு காலத்தில்
மாற்றாமல் எழுதியிருக்கிறார்.

பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்பினால்
அவர் தன் கட்டைவிரலின் அடிமேட்டை
மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.
இன்றைக்கு எத்தனை முதுகு?
"பதினெட்டு. உன்னோடு."
கொடுங்கள் என்றேன்.
ஊறலில் கட்டி தட்டிய இடத்தை
இருட்டிலும் கண்டுபிடிக்கும் விரல்கள் இவை.
அழுத்தினேன்.
"ஆ" என்றார்,
மீதியைச் சொல்லவில்லை.
பத்தொன்பதாம் முதுகு
கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

ஐந்து மணிப் பேருந்து.
சட்டைக்குள் மருந்துப் பட்டை காந்துகிறது.
பக்கத்து இருக்கைக்காரன் மூக்கைச் சுளித்து
ஜன்னலைத் திறக்கிறான்,
புகையா, கற்பூரமா, காடியா
என்று தெரியாமல்.

நாளைக்குப் பதினேழாம் தாழியிலிருந்து
தொடங்க வேண்டும்.
புளிக்கப் புளிக்கத்தான் விலை ஏறும்
என்பார் எங்கள் மேற்பார்வையாளர்.
அவர் ஒரு தாழிகூடப்
புரட்டியதில்லை.